இன்னும் ஒரு நிமிடம்தான்: செங்கோட்டையில் ஒரு வாஷிங் மெஷின்

மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் புனலூரில் இருக்கும் மச்சினன் ஓணம் ஆஃபர் நோட்டீஸைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். "அத்தான், உங்க வீட்டு மெஷின்தானே இது? நல்லா குறைச்சிருக்கான். எடுக்கலாமா?" ஒரு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். எரிச்சல் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. ஏழு கிலோ, ஃபிரண்ட் லோடு, 1200 ஆர்.பி.எம்., உள்ளேயே ஹீட்டர் என்பதெல்லாம் நோட்டீஸிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

துணி துவைத்து முடிய எவ்வளவு நேரம் பாக்கி என்று காட்டும் சின்னத் திரை இருக்கிறதே, அதில் எண் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வரும். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. அந்த ஒன்றில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் கிளம்பாது.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குத்தான் மகளுக்கு "இன்னைக்கு பி.டி. யூனிஃபார்ம்" என்று ஞாபகம் வரும். சட்டையும் டிராக் பேண்டும் மட்டும் போட்டு குயிக் வாஷ். ஏழேகாலுக்கெல்லாம் திரையில் 1. வீடே நிம்மதியாகிறது. டிரம் இடது பக்கம் நாலு சுற்று, வலது பக்கம் நாலு சுற்று, பிறகு அசையாமல் ஒரு யோசனை. மறுபடி இடது. வெள்ளைச் சட்டை கண்ணாடிக் கதவில் ஒட்டிக்கொண்டு நம்மையே பார்க்கிறது. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்கிறது. இன்னும் 1. ஒருவழியாகச் சுற்றி முடித்து ராகம் போட்டுப் பாடினாலும் கதவு பூட்டு உடனே விடாது, அதற்கும் தனியாகக் காத்திருக்க வேண்டும். அன்று அயர்ன் பாக்ஸ் காய வைத்ததுதான் யூனிஃபார்ம்.

இதெல்லாம் பார்த்துப் பார்த்து எங்கள் வீட்டில் நேரக்கணக்கே இரண்டாகிவிட்டது. "ஒரு நிமிஷத்துல வந்துடறேன் ஆச்சி" என்றால், "மெஷின் நிமிஷமா, கடிகார நிமிஷமா?" என்று ஆச்சி கேட்கிறாள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈரத்துணி ஒரே பக்கமாகத் திரண்டு கிடக்கும்போது வேகமாகச் சுற்றினால் மெஷின் குதிக்கும், பேரிங் போய்விடும். அதனால் முதலில் மெதுவாகச் சுற்றி எடை சமமாகப் பரவியிருக்கிறதா என்று சோதிக்கிறது. பரவவில்லை என்றால் துணியை உதறி, மறுபடி முயற்சி. அது முடியும்வரை கடிகாரம் ஓடாது. ஒன்றிரண்டு துணி மட்டும் போட்டால் சமன் கிடைப்பது இன்னும் கஷ்டம், கூட ரெண்டு துண்டைச் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். எல்லாம் சரி. திரையில் '1' என்பதற்குப் பதில் 'தெரியாது' என்று போட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

துண்டு என்றதும் சீசன் ஞாபகம் வருகிறது. ஜூன் பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால், எங்களுக்கு இவ்வளவு சொந்தக்காரர்கள் இருப்பது அப்போதுதான் தெரியும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்புவார்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது என்று தடை இருக்கிறது. ஆனால் தடை அருவிக்குத்தான், எங்கள் மெஷினுக்கு இல்லை. ஐந்தருவியிலிருந்து திரும்பும் வழியில், பார்டர் என்று நாங்கள் சொல்லும் பிரானூரில் புரோட்டாவும் கோழியும் சாப்பிட்டு, கையை அதே துண்டில் துடைத்து, "இதையும் மெஷின்ல போட்டுடு" என்பார்கள்.

இங்கேதான் மெஷினைக் கும்பிட வேண்டும். 60 டிகிரி வெந்நீரில் அந்தத் துண்டுகளை எண்ணெய் வாடையே இல்லாமல் எடுத்துக் கொடுக்கிறது. சாரல் மாதத்தில் வெயில் என்பது பேச்சுக்குத்தான். கையால் பிழிந்து காயப்போட்ட துணி இரண்டாம் நாளே முடை நாற்றம் அடிக்கும். இதில் பிழிந்து வந்தது வராண்டாக் கொடியில் ராத்திரியோடு காய்ந்துவிடுகிறது. என்னை அவ்வளவு நேரம் காக்க வைத்த அதே சுற்றல்தான் இதையும் செய்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கரண்ட் பில் வேறு விஷயம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற ஆறுதல், ஹீட்டர் ஓட ஆரம்பித்தால் விருந்தாளி ஊருக்குக் கிளம்பும் முன்பே தீர்ந்துவிடும்.

போன மாதம் தண்ணீர் வெளியேறாமல் நின்றுபோனது. நாங்களும் ஓணம் ஆஃபரில் அந்தப் பக்கம்தான் வாங்கினோம். போன் செய்தால், மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் "உங்க பின்கோடு எங்களுக்கு வராது" என்கிறார். இந்தப் பக்கத்து ஆள் "பில் கேரளா பில்" என்கிறார். 1956 நவம்பர் 1-ஆம் தேதியே செங்கோட்டை திருவாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம், தமிழ்நாட்டோடு வந்தாகிவிட்டது. மெஷின் இன்னும் மலைக் கணவாயில் இருக்கும் ஆரியங்காவைத் தாண்டவில்லை போலிருக்கிறது. கடைசியில் தென்காசியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திருகி ஃபில்டரை வெளியே இழுத்தார். ஊக்கு, ஹேர் கிளிப், பத்து ரூபாய்க் காசு, ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த முனை. "அண்ணாச்சி, ஐந்தருவியையே உள்ள வச்சிருக்கீங்களே" என்றார். பத்து ரூபாயை மறக்காமல் என் கையில் கொடுத்தார், தன் கூலியைக் கேட்பதற்கு முன்னால்.

ஓணத்துக்கு வரும் கசவு முண்டு பற்றிப் புகார் இல்லை. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வழியில் தங்கும் சாமிமார்களின் கறுப்பு வேட்டியைத் தனியாகப் போட வேண்டும். சாமி சரணம் சொல்லிக்கொண்டே வெள்ளையோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போன சாமியும் உண்டு.

ஆக, மச்சினா, வாங்காதே. காலையில் ஏழு மணிக்கு மேல் மனிதனுக்குப் பொறுமை கிடையாது. எங்களுடையது நாளைக்கே மண்டையைப் போட்டால் நாங்கள் இதே மாடலைத்தான் வாங்குவோம், ஆடித் தள்ளுபடியில், பில்லை இந்தப் பக்கம் போட்டு. மெஷினுக்கு ஐந்து ஸ்டாரில் எத்தனை கொடுப்பாய் என்று கேட்டால், இன்று திங்கட்கிழமை என்பதால் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.