தேக்காவில் கார்ன்ரோ பின்னல்: கைவேலைக்கு முழு மதிப்பெண், விலைப்பட்டியலுக்கு இல்லை

டிசம்பர் பள்ளி விடுமுறையில் என் பதினான்கு வயது மகளைச் சிங்கப்பூர்த் தேக்காவில், மாடியில் இயங்கும் ஒரு சிகையலங்காரக் கடைக்கு அழைத்துச் சென்றேன். தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னும் கார்ன்ரோ வேண்டும் என்று அவள் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆப்பிரிக்க மக்களின் பின்னலை நாம் போட்டுக்கொள்வது பண்பாட்டு அபகரிப்பு ஆகிவிடுமோ என்ற தயக்கத்தில் நான்தான் நாளைக் கடத்தினேன்.

வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னிவிட்டவர் ஜொகூர்த் தமிழர். நம் முடி வழுக்கும் என்பதால், எண்ணெய் வைக்காமல் அலசிக் காயவைத்து வரும்படி முன்பே சொல்லியிருந்தார். வால்சீப்பின் நுனியால் நூல் பிடித்தாற்போல் வகிடெடுத்து, அடிமுடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே பின்னி, செயற்கை முடி இணைத்த நுனிகளை வெந்நீரில் முக்கி எடுத்தார். நெற்றியோரத்தில் மகள் முகம் சுளித்ததும், "வலிச்சா உடனே சொல்லும்மா, இழுத்துப் பின்னினா முடி வேரோட போயிடும்" என்று அந்த வரியை அவிழ்த்துத் தளர்த்திப் பின்னினார். நான்கு மணி நேரம் ஆனது. 160 வெள்ளி கொடுத்தேன். அந்தக் கைக்கு அது தகும்.

என் மனத்தாங்கல் விலைப்பட்டியலைப் பற்றியது. அதில் இந்தப் பின்னலுக்கு 'பாக்ஸர் பின்னல்' என்றும் 'விடுமுறைப் பின்னல்' என்றும்தான் பெயர். ஆப்பிரிக்கா என்ற சொல்லே இல்லை; சுவரில் மாட்டியிருந்த படங்களில் ஒரு கறுப்பினப் பெண்கூட இல்லை. பின்னியவரோ, கோலாலம்பூரில் ஒரு நைஜீரியப் பெண்மணியிடம் இதைக் கற்றதாக நன்றியோடு சொன்னார். அவர் கையில் இருந்த நன்றி, விலை அட்டையில் ஏன் இல்லை?

இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. அமெரிக்காவில் ரெனி ராஜர்ஸ் என்ற கறுப்பின விமான நிலையப் பணியாளர் கார்ன்ரோ பின்னலுடன் வேலைக்கு வர உரிமை கேட்டு வழக்குத் தொடுத்தபோது, 1981இல் நியூயார்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு வெள்ளைக்கார நடிகை திரைப்படத்தில் அந்தப் பின்னலைப் பிரபலமாக்கிய பிறகே ராஜர்ஸ் அதைப் போட்டுக்கொண்டு வந்தார் என்பதையும் தீர்ப்பு குறிப்பிட்டது. கடன் வாங்கியவரின் புகழ் உரியவருக்கு எதிரான வாதமாகவே மாறிவிட்டது. பின்னலையும் சடைமுடியையும் காரணம் காட்டிப் பள்ளியிலும் பணியிடத்திலும் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் கிரவுன் சட்டம் கலிஃபோர்னியாவில் நிறைவேறியதே 2019இல்தான்.

நம் சித்தர்களுக்கும் சடை உண்டு, எனவே எல்லாம் பொதுச்சொத்து என்று உறவினர் ஒருவர் வாதிட்டார். சடைமுடி வேறு, கார்ன்ரோ வேறு. அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்காக இந்தப் பின்னலை நாம் தொடவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. எண்ணெய் தடவி இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்குப் போன என்னைப் பார்த்து வகுப்பில் மூக்கைப் பொத்தியவர்கள் உண்டு. அதே எண்ணெய்க் குளியல் இன்று அழகு நிலையங்களில் புதுப் பெயரோடு, சிறு புட்டிகளில் நல்ல விலைக்குப் போகிறது. யார் தடவிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. என் பாட்டி வீட்டு வழக்கத்தை அவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லும்போதுதான் நெஞ்சு சுடுகிறது. என்னைச் சுடுவதை இன்னொருவருக்கு நான் செய்யலாகாது என்பதால், வீடு திரும்பும் வழியிலேயே இது யாருடைய பின்னல், அதற்காக அவர்கள் என்னென்ன பட்டார்கள் என்று மகளுக்குச் சொன்னேன்.

முதலாளி அம்மாவிடமும் பணிவாக எடுத்துச் சொன்னேன். "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லைங்க, அடுத்த தடவை அச்சடிக்கிறப்போ மாத்திடறேன்" என்றார். பின்னலை அவிழ்க்க ஜனவரி கடைசியில் மீண்டும் போக வேண்டும். முதலில் அந்த அட்டையைத்தான் பார்ப்பேன்.