ஓப்பன் டபிள்யூஆர்டி ரவுட்டர் + 4ஜி டாங்கிள் காம்போ வாங்கப் போறீங்களா? முதல்ல இதை படிச்சிடுங்க

"ஓப்பன் டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டர், கூடவே ஹுவாவே 4ஜி டாங்கிள், எல்லா சிம்மும் ஓடும், செட் பண்ணியே அனுப்புவோம், சொருகுனா போதும்"னு ஆன்லைன்ல விக்கிறாங்கல்ல, அந்த மாதிரி ஒண்ணை 5,200 ரூபா கொடுத்து வாங்கி நல்லா ஏமாந்திருக்கேன். (ஓப்பன் டபிள்யூஆர்டின்னா ரவுட்டர்ல போடுற இலவச சாஃப்ட்வேர், டாங்கிள்னா சிம் போட்டு யூஎஸ்பியில சொருகுற சின்ன மோடம்.) கம்ப்ளெயின்ட் நடந்துட்டு இருக்கிறதால கடை பேரை போடல. ஆனா அவங்க என்னென்ன பண்ணாங்கன்னு ஒண்ணு விடாம சொல்றேன், ஏன்னா இதே வேலையை பண்றவங்க இந்த ஒரு கடை மட்டும் இருக்க மாட்டாங்க.

எங்க ஊர் செய்யாறு பக்கம், தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரல. தம்பிக்கு காலேஜ் வேலை எல்லாம் நெட்ல தான், ரெண்டு மூணு பேர் ஒரே போன் ஹாட்ஸ்பாட்ல தொங்கிட்டு இருந்தோம். ஜியோவோட 4ஜி நம்ம நாட்டுல 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ்ல வருது, அதாவது பேண்ட் 5, பேண்ட் 3, பேண்ட் 40. எங்க வீட்டுல பேண்ட் 40 தான் நல்லா கிடைக்குது, பேண்ட் 3 இருக்கா இல்லையான்னே தெரியாத அளவுக்கு வீக், இதை போன்லயே ஆப் போட்டு பாத்து வச்சிருந்தேன். அதனால தான் டாங்கிள் விஷயத்துல ரொம்ப தெளிவா கேட்டேன். ஹுவாவே ஈ3372ஹெச்னு ஒரே பேர்ல பல வகை இருக்கு, பாக்க எல்லாம் ஒரே மாதிரி தான் இருக்கும். கடைசியில 153னு போட்டிருந்தா அது ஐரோப்பா பக்கத்துக்கு செஞ்சது, 800, 900, 1800, 2100, 2600 அவ்வளவு தான், பேண்ட் 40 கிடையவே கிடையாது. 607ல பேண்ட் 40 உண்டு. "607 தானே அனுப்புவீங்க?"னு சாட்லயே கேட்டேன், "ஆமா சார், 607 தான், ஒரிஜினல் பீஸ்"னு பதில். ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

பார்சல் வந்துச்சு. ரவுட்டர்ல சொருகினா ஒண்ணும் நடக்கல, சரின்னு டாங்கிளை மட்டும் லேப்டாப்ல போட்டேன், 192.168.8.1 பேஜ் திறக்குது, ஆனா சிக்னல் இல்ல, சர்வீஸ் இல்லன்னே நிக்குது. அதே சிம்மை எடுத்து போன்ல போட்டா அதே மேஜை மேலயே யூடியூப் ஓடுது. கடைக்கு போன் பண்ணா "உங்க ஏரியா டவர் ப்ராப்ளம் சார், வேற சிம் போட்டு பாருங்க"ன்னாங்க. ஏர்டெல்லும் போட்டு பாத்தாச்சுன்னு சொன்னதும் "அப்போ ஏபிஎன் தப்பா இருக்கும் சார், ரிமோட்ல வந்து செட் பண்ணி தரேன், 600 ரூபா ஆகும்"னு. ஏபிஎன்னா சிம் நெட்டோட சேர டாங்கிள்ல போடுற பேர், ஜியோவுக்கு அது ஜியோநெட், அதை போட்டுட்டு தான் போனே பண்ணேன். அவங்க அனுப்புன தப்பு பொருளுக்கு எங்கிட்டயே இன்னொரு பில்லு!

அப்புறம் தான் டாங்கிளோட மூடியை தள்ளி, சிம் போடுற இடத்துல இருக்கிற லேபிளை லைட் வச்சு பாத்தேன். ஈ3372ஹெச்-607னு அழகா பிரிண்ட் பண்ணிருக்கு, ஆனா ஒரு மூலை மட்டும் லேசா தூக்கிட்டு நிக்குது. நகத்தால சுரண்டினா முழுசா உரிஞ்சு வந்துச்சு, அடியில கம்பெனி லேபிள், ஈ3372ஹெச்-153. மேல ஒட்டின ஸ்டிக்கர்ல ஒரு ஐஎம்இஐ (ஒவ்வொரு போன், மோடத்துக்கும் இருக்கிற தனி அடையாள நம்பர்), அடி லேபிள்ல வேற ஐஎம்இஐ, டாங்கிள் பேஜ்ல காட்டுறது அடி லேபிள்ல இருக்கிறது. கேஒய்எம்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி ஸ்பேஸ் விட்டு 15 இலக்க ஐஎம்இஐயை போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா அந்த நம்பர் எந்த மாடலோடதுன்னு அரசாங்க சிஸ்டத்துல இருந்து பதில் வரும். ஸ்டிக்கர் நம்பருக்கு எனக்கு வந்த பதில் ஏதோ ஒரு செல்போன் மாடல். எவனோ ஒருத்தன் போனோட ஐஎம்இஐயை பிரிண்ட் அடிச்சு ஒட்டிருக்காங்க, இதை நினைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

ரவுட்டர் கதை அதை விட மோசம். விளம்பரத்துல 16 எம்பி ஃப்ளாஷ் (சாஃப்ட்வேர் சேமிக்கிற இடம்), 128 எம்பி ரேம். வந்த பெட்டிக்கு அடியில லேபிளையே காணோம், பசை தடம் மட்டும் இருக்கு. எஸ்எஸ்ஹெச்ல (கமாண்ட் மூலமா ரவுட்டருக்குள்ள போற வழி) உள்ள போய் பாத்தா போர்டு பேர் டிபி-லிங்க் எம்ஆர்3420 வெர்ஷன் 2. அது 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பழைய மாடல், மெமரி கணக்கும் அதையே காட்டுது. போட்டிருந்த ஓப்பன் டபிள்யூஆர்டி 15.05.1, 2016ல வந்தது. இந்த 4/32 சைஸ் ரவுட்டர்களுக்கு 19.07 தான் கடைசி, அந்த 19.07க்கே 2022ல சப்போர்ட் முடிஞ்சு போச்சு, அப்போ இது எத்தனை ஓட்டையோட வந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

"செட் பண்ணியே அனுப்புவோம்"னு சொன்னாங்கல்ல, உள்ள என்ன செட் பண்ணிருந்தாங்கன்னா பழைய 3ஜி டாங்கிளுக்கான சீரியல் போர்ட், டயல்-அப் பேக்கேஜ் மட்டும் தான். ஜியோவுக்கு 3ஜியே கிடையாது, ஏர்டெல்லும் 3ஜியை மூடி வருஷமாச்சு. இந்த ஹுவாவே டாங்கிள் ஹைலிங்க் வகை, அதாவது நெட்வொர்க் கார்டு மாதிரி வேலை செய்யுறது, அதுக்கு தேவையானது வேற. அது சொருகினதும் முதல்ல சிடி டிரைவ் மாதிரி தன்னை காட்டிக்கும் (ஐடி 12டி1:1எஃப்01), யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் பேக்கேஜ் இருந்தா தான் அதை தட்டி மோடமா மாத்தும் (12டி1:14டிசி), அப்புறம் சிடிசி-ஈதர்னு ஒரு கெர்னல் மாட்யூல் (டிரைவர் மாதிரி) இருந்தா நெட்வொர்க் கார்டு மாதிரி தெரியும். ரெண்டுமே இல்ல. சரி நானே போட்டுக்கலாம்னு பாத்தா இடமே இல்லன்னு ஓபிகேஜி (பேக்கேஜ் போடுற கமாண்ட்) எர்ரர் அடிக்குது. அதாவது அவங்க சரியான 607ஐயே அனுப்பிருந்தாலும் இந்த ரவுட்டர்ல ஓடிருக்காது. இந்த ரெண்டையும் சேத்து வச்சு ஒரு தடவை கூட சொருகி பாத்திருக்க மாட்டாங்க.

எனக்கு உண்மையாவே பயம் வந்தது இதுக்கப்புறம் தான். டிராப்பேர்ங்கிற எஸ்எஸ்ஹெச் சாஃப்ட்வேரோட ஃபோல்டர்ல, பாஸ்வேர்ட் இல்லாம உள்ள வர விடுற சாவி ஃபைல்ல, யாரோடதுன்னே தெரியாத ஒரு சாவி உக்காந்திருக்கு. ஃபயர்வால்ல வான் (வெளி இன்டர்நெட்) பக்கத்துல இருந்து எஸ்எஸ்ஹெச்சுக்கான போர்ட் 22ஐ திறந்து விட ஒரு ரூல். ஜியோ மாதிரி நெட்ல வெளியில இருந்து நேரா வர்ற மாதிரி ஐபிவி4 முகவரி பப்ளிக்கா கிடைக்காது, அதனால அந்த வழியா யாரும் வந்திருக்க முடியாம போகலாம், ஆனா அது இல்ல விஷயம், என் வீட்டு ரவுட்டர்ல எனக்கு தெரியாத ஒருத்தனுக்கு சாவி எதுக்கு? வீட்டுல அம்மா பேங்க் ஆப் பாக்குறாங்க. அதனால சொல்றேன், யார் ஃபர்ம்வேர் (ரவுட்டர் சாஃப்ட்வேர்) போட்டு கொடுத்தாலும் அப்படியே யூஸ் பண்ணாதீங்க, ஓப்பன் டபிள்யூஆர்டியோட அதிகாரப்பூர்வ சைட்ல இருந்து இமேஜ் எடுத்து, செட்டிங்ஸை வச்சுக்கிற டிக்கை எடுத்துட்டு புதுசா ஃப்ளாஷ் பண்ணிடுங்க.

இதுக்கு போய் காம்போவே தேவையில்லங்க. 16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ரேம், யூஎஸ்பி போர்ட் இருக்கிற, ஓப்பன் டபிள்யூஆர்டி ஹார்ட்வேர் லிஸ்ட்ல இருக்கிற ரவுட்டரா பாத்து தனியா வாங்குங்க, வெர்ஷன் நம்பர் முக்கியம், ஒரே மாடல் பேர்ல உள்ள சிப்பே வேறயா இருக்கும். நான் மேல சொன்ன ரெண்டு பேக்கேஜை போட்டு, புதுசா தெரியுற கார்டுக்கு டிஹெச்சிபியில (ஐபி முகவரியை தானா வாங்குற முறை) ஒரு இன்டர்ஃபேஸ் உருவாக்கி, அதை வான் ஃபயர்வால் ஸோன்ல சேத்தா வேலை முடிஞ்சுது. அடிக்கடி கட் ஆனா பவரை பாருங்க, யூஎஸ்பி 2.0 போர்ட் கணக்குப்படி கொடுக்கிறது 500 மில்லிஆம்ப், சிக்னல் வீக்கான இடத்துல டாங்கிள் அதுக்கு மேல இழுக்கும், தனி அடாப்டர் உள்ள ஹப் போட்டா சரியாகும். டாங்கிளை மட்டும் நேர்ல பாத்து, மூடியை திறந்து, லேபிளை நகத்தால தொட்டு பாத்து, ஐஎம்இஐயை அங்கேயே 14422க்கு அனுப்பிட்டு காசு கொடுங்க.

ரீஃபண்ட் கேட்டதுக்கு கடைக்காரர் சொன்ன பதில்: "ஸ்டிக்கரை கிழிச்சிட்டீங்க சார், வாரன்டி போச்சு." அவரே ஒட்டின பொய் ஸ்டிக்கர்! 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சாச்சு, ரெண்டு லேபிள் போட்டோ, சாட், பில் எல்லாம் கொடுத்திருக்கேன். பணம் இன்னும் வரல. அந்த விளம்பரம் அதே போட்டோவோட இன்னிக்கும் ஓடிட்டு தான் இருக்கு, உங்கள்ல யாராவது ஏற்கனவே இந்த மாதிரி வாங்கிருந்தீங்கன்னா மூடியை திறந்து பாத்துட்டு கமென்ட்ல சொல்லுங்க, புகாரோட சேத்து கொடுக்கலாம்.