சம்பாவைக் கணக்கெடுக்க எது சரி: ரேடார் படமா, ஒளிப்படமா?

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெல் பரப்பை வரைபடமாக்க, ரேடார் அலை அனுப்பும் சென்டினல்-1, ஒளிப்படம் எடுக்கும் சென்டினல்-2 இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தபிறகு, சென்டினல்-1 போதும் என்று முடிவெடுத்தேன். இரண்டுமே ஐரோப்பியச் செயற்கைக்கோள்கள், தரவு இலவசம், 10 மீட்டர் கட்டத்தில் வேலை செய்யலாம். அதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது மேகத்தைப் பற்றித்தான். சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை காலைப்பொழுதில் வருகிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர், நவம்பரில்தான் டெல்டாவில் நடவும் பயிர் தூர்கட்டுவதும் நடக்கின்றன. அந்த நேரத்தில் திருவாரூர், நாகை மேல் தெளிவான படம் கிடைப்பது அதிர்ஷ்டம். மேகத்தை நீக்கிவிட்டாலும் அதன் நிழல் தொல்லை தரும்: தண்ணீர் கட்டிய வயலும் கருப்பு, நிழலும் கருப்பு. நவம்பரில் விட்ட படத்தை ஜனவரியில் எடுக்க முடியாது.

சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். மேகமும் இரவும் அதற்குத் தடையில்லை. ஒரே செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை வந்தாலும் அந்த நாளில் படம் உறுதி. நடவு வயலில் தேங்கிய நீர் அலையைக் கண்ணாடிபோல் வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கருப்பாகத் தெரியும். தூர் கட்டி, தண்டு உயர உயரத் திரும்பிவரும் அலை கூடும். தாழ்ந்து பின் ஏறும் இந்த வளைவுதான் நெல்லின் அடையாளம். எந்தத் தேதியில் தாழ்ந்தது என்று பார்த்தால் நடவு நாளையும் ஏறக்குறைய சொல்லிவிடலாம். அலையைச் செங்குத்தாக அனுப்பிக் கிடையாகப் பெறும் விஎச் பதிவையே நம்புகிறேன். காற்றில் நீர் சலசலத்தால், செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே பெறும் விவி ஏமாற்றும்.

பயிர்க் காப்பீட்டுக்கு வெறும் பரப்பளவு போதாது. எந்த ஊரில் எப்போது நட்டார்கள், எங்கே நடவே நடக்கவில்லை என்பதெல்லாம் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் விஷயங்கள். விவசாயியின் பணம் இதில் இருக்கிறது. நடுவே படம் விடுபட்ட வரிசையை வைத்துத் தேதி சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ரைஸ் (RIICE) என்ற பயிர்க் கணிப்பு, காப்பீட்டுத் திட்டத்தில் ரேடாரைக் கையில் எடுத்ததும் இந்தத் தேவைக்காகத்தான்.

ரேடாருக்கும் குறை உண்டு. புழுதியில் நேரடியாக விதைத்த வயலில் தொடக்கத்தில் நீர் நிற்காது, வளைவு மங்கிவிடும். படத்தில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் இருப்பதால் கால் ஏக்கர் துண்டைத் தனியாக நம்ப மாட்டேன், கிராம அளவில் சராசரிதான் பார்ப்பேன். ஆகாயத்தாமரை மூடிய ஏரியும் நீராகத் தெரியாது. களத்தில் போய்க் குறித்த புள்ளிகள் இல்லாமல் எந்த வரைபடத்தையும் வெளியே தருவதில்லை.

அறுவடைக்குப் பின் வரும் உளுந்துக்கு மட்டும் சென்டினல்-2 பக்கம் போவேன். பிப்ரவரி, மார்ச்சில் வானம் தெளிவாக இருக்கும். பச்சையை நேரடியாக எண்ணிவிடலாம்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோளான நைசார், 24 சென்டிமீட்டர் எல்-பேண்ட் அலையையும் கொண்டது. நீண்ட அலை செடிகொடிக்குள் ஆழமாகப் போகும் என்பதால், செடி மூடிய ஏரிகளுக்கும் சீமைக் கருவேலம் அடைத்த கண்மாய்களுக்கும் அது கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். அதில் நான் ஒரு முழுப் பருவம் வேலை செய்ததில்லை. அதுவரை நெல்லுக்கு சென்டினல்-1தான்.