டைம்ஸ் ஸ்கொயர் ஹோட்டல்: ராத்திரி திரும்பி வர பயமில்லை

நியூயார்க்கின் 8-வது அவென்யூவில், போர்ட் அத்தாரிட்டி பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற ஹோட்டல். அறை சின்னது, பெட்டியைத் திறந்தால் நடக்க இடமில்லை. எனக்குக் கவலை வேறு: பிராட்வே நாடகம் விட்டு, பத்தரைக்கு மேல் அம்மாவோடு நடந்து வர முடியுமா?

முடிந்தது. வாசலில் எந்நேரமும் ஆள் இருக்கிறார். அறை அட்டையைக் காட்டினால்தான் லிஃப்டே நகரும். 42-வது தெருவில் அந்த நேரத்திலும் கூட்டம் நெரிகிறது. தொல்லை கொடுப்பது வேஷக்காரர்கள்தான். மிக்கி மௌஸ் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார், அப்புறம் டாலர் கேட்பார். அம்மா அவரிடம் தமிழிலேயே "வேணாம்பா" என்றாள், நகர்ந்துவிட்டார்! 'இலவசம்' என்று கையில் சிடி திணிப்பவர்களிடம் நிற்கவே நிற்காதீர்கள்.

சப்வே, அதாவது சுரங்க ரயில், விடிய விடிய ஓடும். வரவேற்பில் இருந்த பெண் சொன்ன யோசனை அருமை: நடைமேடை நடுவே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகை தொங்கும், நடத்துநர் பெட்டி அதற்கு நேராக நிற்கும், அங்கேயே ஏறுங்கள். ஆளில்லாத பெட்டி வேண்டாம். மஞ்சள் டாக்ஸி என்றால் கூரையில் எண் எரிகிறதா பாருங்கள், எரிந்தால் வண்டி காலி.

காலை உணவு சுமார்தான். மொத்தத்தில் ஹோட்டலுக்கு ஐந்துக்கு நான்கு.