பிளக் அண்ட் பிளேயா, கஸ்டம் டியூனிங்கா?

எரிபொருளையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் பெட்டியான எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்ற நினைக்கும் எல்லோரும் தடுமாறும் இடம் இது.

பொருத்துவது: பிளக் அண்ட் பிளே, வண்டியின் பழைய சாக்கெட்டிலேயே உட்காரும். கஸ்டம் என்றால் அந்த வண்டிக்கென்றே அளந்து அமைப்பது; அதில் பெரும்பாலும் வயரிங்கே புதிது.

செலவு: முதலாவது ஏறக்குறைய பெட்டியின் விலையோடு முடியும். இரண்டாவதில் வயரிங், டைனோ (வண்டியை ஓட்டி அதன் சக்தியை அளக்கும் கருவி) நேரம், டியூனர் கூலி எல்லாம் சேரும்.

எஞ்சின் பாதுகாப்பு: இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பெட்டியோடு வரும் பேஸ் மேப் (எரிபொருள், ஸ்பார்க் அளவுகளின் தொடக்க அட்டவணை), பெரிய மாற்றங்கள் செய்த வண்டியில் ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓட்டிப் பார்க்கத்தான். பெட்ரோல் எஞ்சினுக்குச் சாதாரண ஓட்டத்தில் காற்று-எரிபொருள் விகிதம் 14.7:1 சரி, டர்போவில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் 12:1 பக்கம் இறங்க வேண்டும். பெரிய டர்போ போட்டுவிட்டுப் பழைய மேப்பிலேயே விரட்டினால் நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடித்து எரிவது) வரும். பிஸ்டனைக் கழற்றிப் பாருங்கள், ஓரத்தில் மணல் அரித்தது போலக் குழிகள் இருக்கும்.

எக்சாஸ்ட், ஏர் ஃபில்டர் மட்டும் மாற்றிய, தினமும் ஓட்டும் வண்டியா? பிளக் அண்ட் பிளே போதும். டர்போ, கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), வேறு எஞ்சின் என்று போனால் டைனோவில் ஏற்றிக் கஸ்டமாக டியூன் செய்தே ஆக வேண்டும். அப்புறம் ஒன்று: பிளக் அண்ட் பிளே பெட்டிகள் பலவற்றையும் பின்னாளில் டைனோவில் டியூன் செய்யலாம். முடிவெடுக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது அந்த வழியைத்தான்.