விஸ்க்-5, வையாட்-4 டெஸ்ட்: ஐக்யூ நம்பரோட நின்னுடாதீங்க

பையனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தை வாசிக்கறதுல வர்ற சிரமம், இருக்கலாம்னு டீச்சர் சொன்னதால ரெண்டு டெஸ்டும் எடுத்தோம். விஸ்க்-5ங்கறது 2014ல வந்த ஐக்யூ டெஸ்ட், 6லேர்ந்து 16 வயசு பிள்ளைங்களுக்கு. வையாட்-4 2020ல வந்தது, வாசிப்பு, எழுத்து, கணக்கு எந்த அளவுக்கு வந்திருக்குன்னு பாக்கும். ரெண்டுலயும் ஆவரேஜ் 100 தான்.

விஸ்க் மட்டும் எடுத்துட்டு வந்துடறதுல பிரயோஜனமே இல்லங்க. இவனோட மொத்த ஐக்யூ 99. அதை மட்டும் பாத்தா பிரச்சனையே இல்லாத பிள்ளை, படிக்க சோம்பேறித்தனம்னு தான் தோணும், இத்தனை நாளா எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டும் இருந்தாங்க. பிரிச்சுப் பாத்தா பேச்சு, சொல்லறிவு பகுதியில 116, பிராசஸிங் ஸ்பீடு, அதாவது கண்ணால பாத்ததை எவ்வளவு வேகமா புரிஞ்சு செய்யறாங்கறது, 82. இவ்வளவு ஏற்ற இறக்கத்தைச் சேர்த்து ஒரே நம்பரா ஆக்கினா அது பிள்ளையைப் பத்தி என்னத்த சொல்லும்?

வையாட்ல தான் விஷயம் வெளிய வந்துச்சு. அர்த்தமே இல்லாத வார்த்தைங்களை வாசிக்கச் சொல்ற பகுதி ஒண்ணு இருக்கு, மனப்பாடமா தெரிஞ்ச வார்த்தைய வச்சு ஒப்பேத்த முடியாது, எழுத்தைப் பாத்து ஒலியா மாத்தித்தான் ஆகணும், அங்க 78. அதே பிள்ளை காதால கேட்டுப் புரிஞ்சுக்கறதுல 112. சொன்னா நல்லா புரியுது, அச்சுல இருந்தா தான் தடுக்குதுன்னு அவ்வளவு தெளிவா தெரிஞ்சுது. இதுக்காகவே இந்த ஜோடி டெஸ்டுக்கு 5க்கு 4 குடுப்பேன்.

ஒண்ணு குறைச்சது ரிப்போர்ட்டுக்காக. 78ன்னா பர்சன்டைல் 7, அதைப் பாத்து நூத்துக்கு ஏழு மார்க்கான்னு வீட்ல பதறிட்டாங்க. அதே வயசு பிள்ளைங்க 100 பேரை நிறுத்தினா சுமார் 7 பேர் இவன் அளவுலயோ இவனுக்குக் கீழயோ இருப்பாங்கன்னு தான் அர்த்தம், ஒரு வரி எழுதியிருக்கலாமே. அப்புறம் எந்த ஸ்கோரும் ஒத்தை நம்பர் இல்ல, பக்கத்துல போட்டிருக்கற ரேஞ்சையும் சேர்த்து தான் படிக்கணும். ஐக்யூவுக்கும் வாசிப்புக்கும் பெரிய கேப் இருந்தா தான் டிஸ்லெக்ஸியான்னு இன்னமும் சிலர் சொல்றாங்க, அது பழைய கணக்கு, 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டுலயே அந்த நிபந்தனைய எடுத்துட்டாங்க.

இன்னொண்ணு, வீட்ல பேசாத மொழியில டெஸ்ட் வச்சா சொல்லறிவு ஸ்கோர் இறங்கிடும், அதை முன்னாடியே சைக்காலஜிஸ்ட்கிட்ட சொல்லிடுங்க. ரெண்டு டெஸ்டையும் ஒரே நாள்ல முடிச்சுடலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, பிள்ளை சோர்ந்து போயிட்டா கடைசியில வர்ற ஸ்கோரை நம்பவே முடியாது. சப்டெஸ்ட், அதாவது டெஸ்டுக்குள்ள இருக்கற ஒவ்வொரு சின்ன பகுதியோட ஸ்கோரையும் முழுசா எழுத்துல கேட்டு வாங்குங்க, எக்ஸாம்ல எக்ஸ்ட்ரா டைம் கேக்கப் போனா அது தான் கை கொடுக்கும். திரும்ப எடுக்கணும்னா ஒரு வருஷமாவது விடுங்க. சீக்கிரமே எடுத்தா டெஸ்ட் பழகிப் போய் மார்க் ஏறும், ஸ்கூல்ல பிள்ளை சரியாயிட்டான்னு நினைச்சு குடுக்கற உதவிய நிறுத்திட வாய்ப்பிருக்கு.