ஹெட் கேஸ்கெட் மாத்துனதா பில்லு, ஆனா ஹெட்ட கழட்டவே இல்ல – ராம்நாடு பக்கம் பழைய கார் வச்சிருக்கவங்க பாத்து இருங்க

உச்சிப்புளி, மண்டபம், ராம்நாடு, கீழக்கரை பக்கம் பழைய மாருதி, சான்ட்ரோ, இண்டிகா வச்சு ஓட்டுறவங்க இத கொஞ்சம் பொறுமையா படிங்க. ஹெட்டுங்கிறது என்ஜின் பிளாக்குக்கு மேல மூடி மாதிரி உக்காந்திருக்குற பாகம், ரெண்டுக்கும் நடுவுல ஒழுகாம அடைக்கிற தகடு தான் ஹெட் கேஸ்கெட். கடை பேர கேக்காதீங்க, போட மாட்டேன். பேர போட்டா அந்த ஒரு கடைய மட்டும் ஒதுக்கிட்டு அடுத்த கடைல போய் இதே மாதிரி மாட்டுவீங்க, இந்த வேல பாக்குறது ஒருத்தன் மட்டும் இல்லண்டு விசாரிச்சப்பறம் தான் எனக்கே தெரிஞ்சுச்சு.

வண்டி மாருதி 800, டிஎன் 65, 2007 மாடல். கம்பெனிக்காரன் 2014லயே 800 போடுறத நிப்பாட்டிட்டான், ஆனா பார்ட்ஸ் கெடைக்குது, என்ஜினும் எளிசு, அதனால ஆயில் மாத்துறது, பிளக்கு, பிரேக் ஷூ, வால்வு கவர் பேக்கிங் இதெல்லாம் நானே வீட்டு வாசல்ல வச்சு பாத்துக்குவேன். இந்த தடவ நான் வெளியூர்ல இருந்தேன், மச்சான் தான் வீட்டு ஆளுகள ஏத்திக்கிட்டு ராமேஸ்வரம் போயிருக்காரு. போறப்ப ஒன்னும் இல்ல. திரும்பி வர்றப்ப பாம்பன் பாலத்துல ஜாம், 2025 ஏப்ரல்ல புது ரயில் பாலம் தொறந்ததுல இருந்து அங்க கேக்கவே வேணாம், ரோட்டுப் பாலத்துல ஓரமா வண்டிய போட்டுட்டு செல்ஃபி எடுக்குற கூட்டம், பின்னாடி வர்றவன் எல்லாம் ஊர்ந்துக்கிட்டே வரணும். அப்படி ஊர்ந்ததுல டெம்பரேச்சர் முள்ளு செவப்புக்குப் போயிருச்சு, மண்டபம் பக்கம் இறங்குனதும் மச்சான் என்ஜின ஆஃப் பண்ணிட்டாரு, அது நல்லதாப் போச்சு. அங்க நின்ன ஒரு ஆட்டோக்காரர் தெரிஞ்ச ஷெட்டு இருக்குன்னு சொல்லி கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போயி விட்டிருக்காரு.

மறுநாள் போன் வருது. "மாப்ள, ஹெட் கேஸ்கெட் போச்சுண்டு சொல்றாய்ங்க, ஹெட்டு வேற வளஞ்சிருக்காம், லேத்துக்கு அனுப்பணுமாம்." நான் கேட்டேன், மச்சான், ராம்நாட்டுல இருந்து போறப்ப ஹைவேல முள்ளு ஏறுச்சா? "இல்ல மாப்ள, பாலத்துல நின்னப்ப தான்." அப்போ மொதல்ல ஃபேன் ஓடுதான்னு பாக்கச் சொல்லுங்கன்னேன். கடைக்காரன் போன வாங்கி, "ஃபேன் எல்லாம் நல்லா ஓடுது அண்ணே, ஹெட்ட கழட்டியே வச்சாச்சு, இப்ப வந்து பேசுனா எப்படி"ன்னு முடிச்சுட்டான்.

இந்த இடம் தான் முக்கியம், அதான் விவரமா சொல்றேன். வண்டி ஓடுறப்ப எதிர்காத்தே ரேடியேட்டர குளுர வச்சிரும், ஃபேனுக்கு வேலையே இல்ல. நிக்கிறப்ப, ஊர்றப்ப தான் ஃபேன் வேணும். ஆக ஹைவேல நல்லா இருந்து ஜாம்ல மட்டும் சூடேறுனா மொத சந்தேகம் ஃபேன் மேல தான் வரணும், ஃப்யூஸ், ரிலே, கனெக்டர், மோட்டார்னு வரிசையா பாக்கணும். ஹெட் கேஸ்கெட் போனா அது ஜாம், ஹைவேன்னு பாக்காது, ஸ்பீடா போனா இன்னும் சீக்கிரம் சூடேறும், வெளிய ஒழுகாமலே தண்ணி கொறையும், ரேடியேட்டர்ல குபுகுபுன்னு காத்துக் குமிழி வரும், சைலன்சர்ல வெள்ளப் புகை நிக்காம வரும், ஆயில் மூடிய தொறந்தா உள்ள பால் காப்பி கலர்ல கொழகொழன்னு இருக்கும். எல்லாமே ஒன்னா வரணும்னு இல்ல, ஆனா ஒன்னு ரெண்டாவது காட்டணும். எங்க வண்டில ஒன்னு கூட இல்ல, ஆயில் சுத்தமா இருந்துச்சுன்னு மச்சானே சொன்னாரு.

பில்லு 12,400. ஹெட் கேஸ்கெட் செட்டு, லேத் ஃபேசிங் (வளஞ்ச ஹெட்டோட அடிப்பக்கத்த சமமா சீவுறது), கூலண்ட், லேபர். வெள்ளத் தாள்ல பேனாவுல எழுதுனது, கடை பேரு இல்ல, ஜிஎஸ்டி நம்பர் இல்ல. மச்சான் மேல தப்பு சொல்ல மாட்டேன், வீட்டு ஆளுகள வச்சுக்கிட்டு அந்த வெயில்ல அவரு என்ன செய்வாரு.

ஊருக்கு வந்ததும் பானெட்ட தொறந்தேன். 800ல ஹெட்ட தூக்கி லேத்துக்கு அனுப்பணும்னா வால்வு கவர கழட்டணும், டைமிங் பெல்ட்ட கழட்டணும், எக்சாஸ்ட் மேனிஃபோல்டு நட்ட கழட்டணும், வேற வழியே கெடையாது. வால்வு கவருக்கு பேக்கிங் போட்டது நான், அப்ப வச்ச செவப்பு சிலிக்கான் பிதுங்கி நின்ன இடமெல்லாம் அப்படியே இருக்கு. டைமிங் கவர் போல்ட்டு மேல ஆயிலும் புழுதியும் அப்பி பழைய கோலத்துலயே இருக்கு. மேனிஃபோல்டு நட்டுல துரு உதிரவே இல்ல, ஸ்பேனர் பட்ட தடம் ஒன்னு இல்ல. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல தெரியுற கேஸ்கெட் ஓரம் கருத்துப் போய் கெடக்கு. சுருக்கமா சொன்னா ஹெட்ட ஒரு பய தொடல.

அப்போ எத தொட்டாய்ங்க? ஃபேன தான்! ஃபேன் மோட்டார் கனெக்டர வெட்டி எறிஞ்சுட்டு வேற ஒயர முறுக்கி, இன்சுலேஷன் டேப்ப சுத்தி, சாவி போட்டாலே ஃபேன் ஓடுற மாதிரி டைரக்ட் பண்ணி வச்சிருக்காய்ங்க. நடுவுல ஃப்யூஸ் இல்ல. என்ஜின் சூட்டுல அந்த டேப்பு இளகி ஒயர் தெரிய ஆரம்பிச்சிருச்சு, பாடில உரசுனா வண்டியே பத்திக்கும். வெட்டுன கனெக்டரோட ஒரு பாதி கீழ அண்டர் ஷீல்டுலயே கெடந்துச்சு, பின்னு பூரா பச்சக் களிம்பு. எனக்கு ஆத்திரம் வந்தது இதுல தான். கோளாறு என்னண்டு அவனுக்குத் தெரியும். சரியா கண்டுபிடிச்சிருக்கான், அரை மணி நேர வேல, நியாயமா நானூறு ஐநூறு கேட்டிருந்தா கும்பிட்டுக் குடுத்திருப்போம்.

களிம்பு வர்றதுல அதிசயம் ஒன்னும் இல்ல. மண்டபத்துல ரெண்டு பக்கமும் கடலு, 1914ல தொறந்த ரயில் பாலத்தையே இந்த உப்புக் காத்து தின்னு தின்னு 2022 டிசம்பரோட ரயில நிப்பாட்ட வச்சிருச்சு, கிரில்லுக்குப் பின்னாடியே இருக்குற கனெக்டர் எம்மாத்திரம். வருசத்துக்கு ஒரு தடவையாச்சும் பேட்டரி நெகட்டிவ கழட்டி விட்டுட்டு முன்பக்க கனெக்டர எல்லாம் உருவி, நைசான உப்புத்தாள்ல தேச்சு, கொஞ்சம் வாசலின் தடவி மாட்டி விட்டா இந்தப் பக்கம் ஓடுற வண்டிக்கு பாதி எலக்ட்ரிக் தொந்தரவு வராது. ஃபேன் மோட்டார் நல்லாருக்கான்னு பாக்க பேட்டரில இருந்து ரெண்டு ஒயர நேரா குடுத்துப் பாத்தா போதும், சுத்துனா மோட்டார் ஓகே, கோளாறு வர்ற வழியில இருக்கு. கைய ரெக்கைக்கு தூரமா வச்சுக்கோங்க.

இன்னும் முடியல. தெர்மோஸ்டாட் வால்வு (என்ஜின் சூட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்குப் போக விடாம தடுக்குறது) இருக்குற மூடில மட்டும் புதுசா ஸ்பேனர் தடம். கழட்டிப் பாத்தா உள்ள வால்வே இல்ல, தூக்கிட்டாய்ங்க. இது நம்ம பக்கம் பாதி மெக்கானிக் செய்யிற வேல, வால்வ எடுத்தா முள்ளு கீழயே நிக்கும், கஸ்டமர் "ஆஹா கூலா ஓடுது"ன்னு சந்தோசமா போவான். ஆனா என்ஜின் அதுக்குண்டான சூட்டுக்கு வரவே வராது, பெட்ரோல் கூட குடிக்கும், தேய்மானமும் ஜாஸ்தி.

அப்புறம் கூலண்ட். பச்சையா தான் இருந்துச்சு, ஆனா தொட்டா வழவழப்பே இல்ல. என்ஜின் நல்லா ஆறுனப்பறம் (சூட்டோட ரேடியேட்டர் மூடிய தொறந்தீங்கன்னா மூஞ்சி வெந்துரும்) ஒரு பழைய தட்டுல கொஞ்சம் புடிச்சு வெயில்ல வச்சேன். நல்ல கூலண்ட் அவ்வளவு லேசுல காயாது, பாகு மாதிரி பிசுபிசுன்னு தங்கும். இது சாயங்காலத்துக்குள்ள காஞ்சு தட்டு பூரா வெள்ளையா உப்பு பூத்துருச்சு. போர் தண்ணில பச்ச சாயத்த கலந்து ஊத்திருக்கான்! நம்ம ஊரு போர் தண்ணில சோறு பொங்க முடியாதுன்னு தான காவிரித் தண்ணிக்கு கொடத்த வரிசைல வச்சுட்டு நிக்கிறோம், அந்தத் தண்ணிய அலுமினிய ஹெட்டுக்குள்ள சுத்த விட்டா உள்ளயே அரிச்சிரும், ரேடியேட்டர் குழாயும் அடைக்கும். அவசரத்துக்கு ஊத்தணும்னா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க. இன்னொன்னு, டெஸ்ட் பண்றேன்னு யாரும் வாயில வச்சுப் பாத்துராதீங்க, கூலண்ட் இனிப்பா இருக்கும் ஆனா விஷம், தட்ட பிள்ளைக, பூனை, கோழி எட்டாத இடத்துல வைங்க.

பில்ல எடுத்துக்கிட்டு நானும் மச்சானும் ஷெட்டுக்குப் போனோம். பழைய கேஸ்கெட்ட குடுங்கன்னேன், "பழைய இரும்புக்குப் போட்டாச்சு"ன்னான். எந்த லேத்துல ஃபேசிங் பண்ணுனீங்க, நான் போய் கேட்டுக்குறேன்னேன், "ராம்நாட்டுல ஒரு இடம் தம்பி, அது எதுக்கு உங்களுக்கு." போன்ல அண்ணே, நேர்ல தம்பி. சரி, வால்வு கவர்ல நான் வச்ச சிலிக்கான் எப்படி அப்படியே இருக்குன்னு போட்டோவ காட்டுனேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் பையன் மேல பழிய போட்டான், வேலைக்கு இருக்குற பையன் பில்ல மாத்தி எழுதிட்டானாம். கடைசில மூவாயிரத்த கைல திணிச்சு இதோட விட்டுருங்கன்னான். வாங்கல. கொஞ்சப் பணத்த வாங்கிட்டா பேசி முடிஞ்ச மாதிரி ஆயிரும்னு மச்சான் தான் தடுத்தாரு, மனுசன் சரியா சொன்னாரு.

பெரிய வேலைக்கு வண்டிய விடுறவங்க, கழட்டுன பார்ட்ஸ திருப்பிக் குடுக்கணும்னு வேல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. ஹெட்ட கழட்டிட்டோம்னு சொன்னா உங்க நம்பர் பிளேட்டும் தெரியுற மாதிரி அப்பவே ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க, கழட்டிருந்தா அனுப்புறதுக்கு என்ன கஷ்டம்? பணத்த ஜிபேல குடுங்க. நாங்க தப்பிச்சது இதுல தான், வெள்ளத் தாள அவன் என்னுது இல்லன்னு சொன்னாலும் 12,400 அவன் அக்கவுண்ட்டுக்குப் போனது பதிவுல இருக்கு.

1915க்கு போன் போட்டு கம்ப்ளைன்ட் குடுத்தாச்சு, அது நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். அதுல சரியா வரலைன்னா ராம்நாடு நுகர்வோர் கோர்ட்டு தான், குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா கேஸ் போட ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். இப்போதைக்கு ரேடியேட்டர கழுவி நல்ல கூலண்ட் ஊத்திட்டேன், ஃபேனுக்கு புது கனெக்டர், ஃப்யூஸ் எல்லாம் போட்டாச்சு. தெர்மோஸ்டாட் வால்வு மட்டும் ராம்நாட்டுல ஒரிஜினல் கெடைக்கல, மதுரைல சொல்லி பஸ்ல போட்டு விடச் சொல்லிருக்கேன்.